இடுப்பு வலிக்கும் கழுத்து வலிக்கும் வலி மாத்திரை: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறுவை நடவு, சம்பா களையெடுப்பு, கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் மூட்டை, திருபுவனத்தில் நாள் முழுவதும் தறியில் உட்காரும் வேலை, வாய்க்கால் கரைச் சாலையில் இரு சக்கர வாகனம். இடுப்பும் கழுத்தும் வலிப்பதற்குக் காவிரி டெல்டாவில் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கே மருந்துக் கடை வைத்திருப்பவரிடம் மக்கள் அதிகம் கேட்பதும் வலி மாத்திரைதான். நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்லன். நோய் என்ன என்று முடிவு செய்வது என் வேலை இல்லை. எந்த மாத்திரை என்ன செய்யும், யாருக்கு ஆகாது என்பதை எடுத்துச் சொல்ல முடியும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

வலி மாத்திரை எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. கடையில் ‘வலி மாத்திரை’ என்று கேட்டு வாங்குவதில் பெரும்பாலானவை அழற்சியைக் குறைக்கும் வகையைச் சேர்ந்தவை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், எட்டோரிகாக்ஸிப் எல்லாம் அந்தக் குடும்பம். ‘அழற்சி மாத்திரை’ என்று நான் சொல்வது இவற்றைத்தான். அழற்சி என்றால் அடிபட்ட இடம் வீங்கி, சூடாகி, தொட்டால் வலிக்கிற நிலை. பாரசிட்டமால் வலியையும் காய்ச்சலையும் குறைக்கும். ஆனால் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஸ்டீராய்டு வேறொரு வகை. இந்த மூன்றையும் மக்கள் ஒரே பெயரில் கேட்கிறார்கள், சில இடங்களில் ஒரே பொட்டலத்தில் வாங்கவும் செய்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மாத்திரைக்குள்ளேயே இரண்டு மூன்று மருந்துகள் இருப்பதும் உண்டு. நம் ஊரில் அதிகம் போகும் கூட்டு மாத்திரையில் அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராமும் பாரசிட்டமால் 325 மில்லிகிராமும் இருக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டு, காய்ச்சல் அடிப்பதுபோல் இருக்கிறதே என்று தனியாகப் பாரசிட்டமால் 650-ஐயும் போட்டுக்கொண்டால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் கடையில் கேளுங்கள், சொல்வதற்குத்தானே நிற்கிறோம்.

இந்த மாத்திரை உடலுக்குள் என்ன செய்கிறது?

தசையோ சவ்வோ இழுபட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகிறது. வீக்கத்துக்கும் வலிக்கும் அது துணைபோகிறது. அதை உண்டாக்கும் நொதியை அழற்சி மாத்திரைகள் தடுக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-இல் காட்டியவர் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. 1982-இல் வேறு இருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைத்திருப்பதும் அதுதான். இடுப்பில் மட்டும் தடுத்துவிட்டு மற்ற இடங்களை விட்டுவிட மாத்திரைக்குத் தெரியாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் ஏறுதல் எல்லாம் இதிலிருந்து கிளைக்கின்றன.

பாரசிட்டமால் போதாதா? அதுதானே பாதுகாப்பானது?

வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் பாரசிட்டமால் சாது என்பது சரி. அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். ஆனால் திடீர் இடுப்பு வலிக்கு அது பெரிதாக உதவுவதில்லை. ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், பாரசிட்டமாலை வேளை தவறாமல் எடுத்தவர்கள் குணமாக 17 நாள் ஆனது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 நாள். அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அழற்சி மாத்திரை ஆகாதவர்களுக்குக் கையில் இருப்பது அதுதான். சிலருக்குச் சற்று இதமாகவும் இருக்கிறது.

அப்படியானால் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரை இடுப்பு வலியைக் குணப்படுத்திவிடுமா?

குணப்படுத்தாது. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், வலியை 100 புள்ளி அளவுகோலில் அளந்தால், இந்த மாத்திரைகள் வெறும் மாத்திரையைவிடச் சுமார் 7 புள்ளிதான் கூடுதலாகக் குறைத்தன. திடீர் இடுப்பு வலி பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தானாகவே பெருமளவு குறைந்துவிடுகிறது. அதற்கிடையில் எழுந்து நடக்கவும் இரவில் புரண்டு படுக்கவும் மாத்திரை கைகொடுக்கிறது. அவ்வளவுக்குத்தான் அது. வலி குறைந்ததும் மூட்டை தூக்கப் போனால், குணமாகாத தசையின் மேல்தான் சுமையை ஏற்றுகிறோம்.

எத்தனை நாள் சாப்பிடலாம்?

மற்ற நோய் எதுவும் இல்லாதவருக்கு, குறைந்த அளவில், மூன்று முதல் ஐந்து நாள். மூன்று நாளில் எந்த வித்தியாசமும் தெரியாவிட்டால் அதே மாத்திரையை நீட்டிப்பதில் பொருளில்லை. ஒரு வாரத்தைத் தாண்டுகிறது என்றால் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். டைக்ளோஃபெனாக் ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம் இரண்டு வேளை. ஐபுப்ரோஃபென் சொந்தமாக எடுப்பவர்கள் 400 மில்லிகிராம் மூன்று வேளைக்கு மேல் போகக் கூடாது. இவை ஆரோக்கியமான பெரியவர்களுக்கான உச்ச வரம்பு. நீங்கள் தொட வேண்டிய இலக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு அழற்சி மாத்திரைகளை ஒரே நேரத்தில் எடுக்கவே கூடாது. வலி இரட்டிப்பாகக் குறையாது. புண் வரும் வாய்ப்புத்தான் கூடும். கும்பகோணத்தில் ஒரு மருத்துவர், தஞ்சாவூரில் ஒரு மருத்துவர் என்று பார்த்து, இரண்டு சீட்டிலும் ஒரே மருந்து வேறு வேறு பெயரில் இருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். இரண்டு சீட்டையும் ஒன்றாகக் கொண்டு வாருங்கள்.

நடவுக் காலத்தில் தினமும் காலையில் ஒன்று போட்டுக்கொண்டு வயலுக்குப் போகலாமா?

டெல்டாவில் எனக்கு அதிகக் கவலை தரும் கேள்வி இதுதான். வலி வருமுன் மாத்திரை போட்டுவிட்டால் குனிந்து நடலாம், கூலி போகாது என்ற கணக்கு புரிகிறது. மருந்துக் கடையில் ‘அந்த ரோஸ் கலர் மாத்திரை’ என்று கேட்டு வாங்கிய அட்டைத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார்கள். வரப்புக்குத் தேநீர் வரும் நேரத்தில் முடிச்சை அவிழ்த்து ஒன்று வாயில் போடுகிறார்கள். அட்டையை வெட்டிக் கொடுத்திருப்பதால் அந்தத் துண்டில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது.

இதோடு இன்னொன்று சேர்கிறது. வயல் பக்கம் கழிப்பறை இல்லை என்பதால் பெண்கள் பலர் காலையிலிருந்து வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. வெயிலில் வேர்வையாக நீர் போய்க்கொண்டிருக்கிறது. உடல் இப்படி வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் மடையைத் திறந்து வைத்திருப்பது மேலே சொன்ன புரோஸ்டாகிளாண்டின். மாத்திரை அந்த மடையை இறக்கிவிடுகிறது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் ஆரோக்கியமான உடல் தாங்கிக்கொள்ளும். நடவு முழுக்க, பிறகு களை முழுக்க, பிறகு அறுப்பு என்று தொடர்ந்தால் சிறுநீரகம் சத்தம் இல்லாமல் கெடும். வலி வராது, எரிச்சல் வராது, கால் வீங்கித் தெரியவரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

ஆகவே தினமும் முன்கூட்டியே போடுவது வேண்டாம். தாங்க முடியாத நாளில் ஒன்று எடுக்கிறீர்கள் என்றால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, தண்ணீரும் சோறும் உள்ளே போன பிறகு எடுங்கள். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோய் வேளாவேளைக்குக் குடியுங்கள். மாதக்கணக்கில் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் அரசு மருத்துவமனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த கிரியாட்டினின் அளவையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பெண்கள் தண்ணீர் குடிக்காததைக் குறை சொல்வதைவிட, நடவு வைக்கும் மிராசுதாரர்கள் ஒரு மறைவிடத்துக்கு ஏற்பாடு செய்வது நல்லது என்பது என் கருத்து.

பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். வலி மாத்திரை எடுக்கலாமா?

கேட்காமல் எடுக்காதீர்கள். இந்த மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் மாத்திரையின் வேலையையும் குறைக்கும். எனலாப்ரில் அல்லது டெல்மிசார்டான் வகை மாத்திரை, சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, அதோடு வலி மாத்திரை என மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கும் வாய்ப்பு உண்டு. வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் இந்த ஆபத்து இன்னும் கூடும். பிரஷர் மாத்திரையில் பல, சிறுநீர் பிரிக்கும் மருந்தும் கலந்த கூட்டு மாத்திரைகள். அது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அட்டையைக் கொண்டு வந்து காட்டுங்கள்.

நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே சற்று அடிபட்டிருக்கக்கூடும். கிரியாட்டினின் பார்க்காமல் வலி மாத்திரை எடுப்பது அவர்களுக்கு நல்லதன்று. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம், கடையில் வாங்கும் வலி மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

சாப்பிட்ட பிறகு போட்டால் வயிற்றுப் புண் வராதுதானே?

வயிற்று எரிச்சல் குறையும். புண் வராது என்று சொல்ல முடியாது. மாத்திரை ரத்தத்தில் கலந்து, அங்கிருந்து இரைப்பையின் காப்பைக் குறைக்கிறது. அதனால்தான் ஊசியாகப் போட்டாலும் புண் வருகிறது. 65 வயதைத் தாண்டியவர்கள், முன்பு புண் வந்தவர்கள், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்துகளோ ஸ்டீராய்டோ எடுப்பவர்கள் தாமாக இந்த மாத்திரையை வாங்கவே கூடாது. மருத்துவர் கொடுத்தால் ஒமிப்ரசோல் அல்லது பான்டோபிரசோலும் சேர்த்துத்தான் பெரும்பாலும் எழுதுவார். நம் ஊர் வழக்கில் அது ‘கேஸ் மாத்திரை’. அதைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். வலி மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் முழுப் பலன் கிடைக்காது.

மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, வாந்தி காப்பித் தூள் நிறத்தில் வந்தாலோ அது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளம். அன்றே மருத்துவமனை.

இதய நோய் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்.

வேண்டாம். டைக்ளோஃபெனாக்கும் எட்டோரிகாக்ஸிப்பும் குறிப்பாக வேண்டாம். இதே குடும்பத்து ரோஃபெகாக்ஸிப் என்ற மருந்து, மாரடைப்பு வாய்ப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2004-இல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. ஐபுப்ரோஃபென் இன்னொரு வகையில் தொல்லை தரும்: இதயத்துக்காக எடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினின் வேலையை அது தடுக்கக்கூடும்.

காய்ச்சலோடு இடுப்பு வலி, உடம்பு வலி. என்ன எடுப்பது?

பாரசிட்டமால் மட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கேள்வி வந்தால் நான் வேறு எதையும் கொடுப்பதில்லை. டெங்கு காய்ச்சலில் முதுகும் மூட்டும் முறிவதுபோல் வலிக்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ போட்டால் ரத்தக் கசிவு கூடும்.

வயலில் தேங்கிய நீரில் வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரும். எலியின் சிறுநீர் கலந்த நீர், கால் வெடிப்பு வழியாக உள்ளே போகிறது. காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலில் கடும் வலி என்று தொடங்கும். தக்க நேரத்தில் ஆண்டிபயாட்டிக் மருந்து கொடுத்தால் குணமாகும். விட்டால் சிறுநீரகத்தைத் தாக்கும். ‘நடவு நட்ட அலுப்பு’ என்று நினைத்து வலி மாத்திரையால் அமுக்கிவிடாதீர்கள்.

ஊசி போட்டால்தான் வலி கேட்கும் என்கிறார்களே?

சற்று வேகமாகக் கேட்கலாம். அதிகமாகக் கேட்காது. மாத்திரையில் இருக்கும் அதே டைக்ளோஃபெனாக்தான் ஊசியிலும் இருக்கிறது. வாந்தி எடுப்பவருக்கும் மாத்திரை விழுங்க முடியாதவருக்கும் ஊசி தேவைப்படும். மற்றவர்களுக்கு ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடிப்பது, நரம்பில் படுவது, அரிதாகச் சதை அழுகுவது போன்ற தொல்லைகள்தான் மிச்சம். ஊசி போட்டுக்கொண்டு வந்து, அதே நாளில் மாத்திரையும் எடுப்பது இரட்டை அளவு.

காகிதத்தில் மடித்துத் தரும் ‘செட்’ மாத்திரை உடனே கேட்கிறதே, அது ஏன்?

ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு சின்ன மாத்திரை என்று பிரித்துப்போட்டுத் தருவார்கள். அந்தச் சின்ன மாத்திரை பல நேரங்களில் டெக்சாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. உடனே வலி பறந்துவிடும், பசியும் எடுக்கும். ‘கைராசிக் கடை’ என்ற பெயரும் கிடைக்கும். தொடர்ந்து எடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், முகம் உப்பும். அழற்சி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றுப் புண் வாய்ப்பு பல மடங்கு. மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை மருத்துவர் சீட்டுக்குத் தர வேண்டியவை என்பது சட்டம். என் தொழிலில் இருப்பவர்களே அதை மீறுவது வெட்கக்கேடு.

தடவும் ஜெல், தைலம் பலன் தருமா?

டைக்ளோஃபெனாக் ஜெல் முழங்கால், கணுக்கால், கை மூட்டு போன்ற தோலுக்கு அருகில் இருக்கும் இடங்களில் நன்றாகவே கேட்கும். இடுப்பின் ஆழமான தசைக்கு அவ்வளவு போய்ச் சேராது. ஆனால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பதால், மாத்திரை ஆகாத வயதானவர்கள் மருத்துவரைக் கேட்டு முயன்று பார்க்கலாம். ஜெல் தடவிய இடத்தில் உடனே ஒத்தடம் கொடுக்காதீர்கள். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். தைலம் சூடும் குளிர்ச்சியுமான உணர்வைத் தந்து வலியை மறக்கச் செய்கிறது. தவறில்லை.

வலி இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கிறது. அதற்கும் இதே மாத்திரையா?

நரம்பு அழுத்தப்படும் இந்த வலிக்கு அழற்சி மாத்திரை அவ்வளவாகக் கேட்பதில்லை. சில நாள் முயன்று பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். இதற்கென்று எழுதப்படும் தசைத் தளர்வு மாத்திரைகளில் பல தூக்கம் வரவைக்கும். டிராக்டரோ அறுவடை இயந்திரமோ ஓட்டுபவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கழுத்துச் சுளுக்குக்கு?

இரவு ஒரு பக்கமாகப் படுத்துக் காலையில் திரும்ப முடியாமல் எழுந்தால், ஓரிரு நாள் மாத்திரையும் வெந்நீர் ஒத்தடமும் போதும். முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சொடுக்கி எடுப்பதை விட்டுவிடுங்கள். கழுத்து வலியோடு கைவிரல்கள் மரத்து, சட்டைப் பொத்தான் போட முடியாமல், நடை தள்ளாடினால் தண்டுவடம் அழுத்தப்படுவதாக இருக்கலாம். கழுத்து, தாடை, இடது கை வலியோடு வேர்த்துக் கொட்டினால் அது இதயமாக இருக்கலாம், 108-ஐ அழையுங்கள்.

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள்?

கர்ப்பம் என்றால் தாமாக எடுக்கவே வேண்டாம். குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தையும், கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ரத்தக் குழாயையும் பாதிக்கும். பால் கொடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு ஐபுப்ரோஃபென் எடுக்கலாம்; அது பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது.

ஆஸ்துமா? மது?

ஆஸ்துமா இருப்பவர்களில் சிலருக்கு இந்த மாத்திரை மூச்சுத் திணறலைக் கிளப்பும். முன்பு ஒருமுறை அப்படி ஆகியிருந்தால் இந்தக் குடும்பத்தில் எதையும் தொடாதீர்கள். மூட்டை தூக்கிய அலுப்புக்கு மாலையில் மதுவும் இரவில் மாத்திரையும் என்றால், இரைப்பையில் ரத்தம் கசிய அதைவிட எளிய வழி இல்லை.

மாத்திரை இல்லாமல் வேறு என்ன செய்யலாம்?

படுத்தே கிடக்காதீர்கள். தாங்கும் அளவுக்கு நடமாடுவதுதான் சீக்கிரம் குணமாக்கும். சூட்டு ஒத்தடம் முதல் சில நாட்களில் உண்மையிலேயே உதவுகிறது; வறுத்த உப்பையோ தவிட்டையோ துணியில் கட்டிப் பாட்டிகள் கொடுத்த ஒத்தடம் சரியான வைத்தியம்தான். தோல் பொசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குச் சூடு தெரியாமல் போகலாம். வலி மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் மாத்திரையைவிட உடற்பயிற்சிக்குத்தான் பலன் அதிகம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளரும் வருகிறார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

எப்போது மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது?

சிறுநீர் வராமல் நின்றுவிட்டது, அல்லது தானாகப் போகிறது. தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துவிட்டன. கால் வலுவிழந்து பாதம் இழுக்கிறது. இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்களை நாலு பேராகத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். அசைக்காமல் அப்படியே கிடக்கவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த முதுகு வலி முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அதற்கு அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சை உண்டு.

இருபது முப்பது வயது இளைஞர்களுக்கு ஒரு விதிவிலக்கு. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு இறுகியிருந்து, நடந்தால் சரியாகி, படுத்தால் கூடுகிறது என்றால் அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு இந்த மாத்திரைகள்தான் முதல் மருந்து; மாதக்கணக்கிலும் எடுக்க வேண்டிவரும். ஆனால் அது மூட்டு நோய் மருத்துவரின் கண்காணிப்பில்.

மீதமிருக்கும் டைக்ளோஃபெனாக் ஊசி மருந்தை மாட்டுக்குப் போடலாமா?

கூடாது. டைக்ளோஃபெனாக் போடப்பட்ட மாடு இறந்து, அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து சாகின்றன. இந்தியாவில் அந்தக் கழுகினம் ஏறக்குறைய அழிந்துபோனதற்கு இதுவே காரணம் என்று கண்டறிந்து, 2006-இல் கால்நடைகளுக்கு இம்மருந்தைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்துவது தொடர்ந்ததால் 2015-இல் ஊசி மருந்தை 3 மில்லிலிட்டர் குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என்று ஆணை வந்தது. அசிக்ளோஃபெனாக்கும் கீட்டோப்ரோஃபெனும் 2023-இல் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டன. மாட்டுக்கு வலி என்றால் கால்நடை மருந்தகத்தில் மெலாக்ஸிகாம் கேளுங்கள். அது கழுகுகளைக் கொல்வதில்லை.